தமிழ்ப் பெயரில் ஒரு களவுக்கடை

புதிய திரைப்படம் ஒன்று வெள்ளிக்கிழமை காலையில் திரையரங்குகளுக்கு வருகின்றது. அன்று இரவுக்குள் அதே படம் கைப்பேசிகளில் ஓடுகின்றது. பார்ப்பவன் பசிக்குத் திருடும் ஏழை அல்லன், திங்கள்தோறும் நிறைந்த ஊதியம் பெறும் அலுவலன், கல்லூரி மாணவன், வகுப்பறையில் பிள்ளைகளுக்கு அறநூல் சொல்லித்தரும் ஆசிரியன். பணம் கொடுத்துப் பார்த்தாயா என்று கேட்டால் சிரிக்கின்றான். கொடுத்துப் பார்த்தவனையே ஏமாளி என்று ஊர் எண்ணுகின்றது. களவு நடப்பது புதிதன்று. எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் நடந்து வந்திருப்பதே. ஆனால் களவு செய்தவன் தலைநிமிர்ந்து நடக்க, கூலி கொடுத்தவன் நாணிக் குனியும் நிலை ஒரு குமுகாயத்தில் வந்துவிட்டதெனின், அது சிறு செய்தியன்று.

இக்களவுக்குத் தமிழ்மக்கள் முதலில் வைத்த பெயரே தனிச்சிறப்புடையது. ஆங்கிலம் பேசுவோர் இதைக் கடற்கொள்ளை என்றனர். அச்சொல்லில் ஒரு வீரக்கதையின் மினுக்கு ஒட்டிக்கொண்டுள்ளது. கோப்புப் பகிர்வு என்று வேறொரு மென்பெயரும் அவர்களே இட்டனர். அதில் ஈகையின் மணம் வீசுகின்றது. தமிழனோ இரண்டையும் விட்டுவிட்டுத் 'திருட்டு வீசிடி' என்று முகத்திற்கு நேரே சொன்னான். சென்னைப் பர்மா பசாரிலும் ஊர்தோறும் பேருந்து நிலைய ஓரங்களிலும் அத்தட்டுகள் விற்ற நாளில், வாங்குபவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு அப்பெயரைச் சொல்லியே கேட்டான். விற்பவனும் ஒளித்து வைத்த இடத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தான். திருட்டு என்னும் சொல் வாயில் இருந்தவரை உள்ளத்தின் ஒரு மூலையில் கூச்சமும் இருந்தது. தட்டுப் போய் இணையம் வந்தது. தட்டோடு சொல்லும் போயிற்று. இன்று எவனும் திருடினேன் என்பதில்லை. 'இறக்கினேன்' என்கிறான், வண்டியிலிருந்து நெல்மூட்டை இறக்கியவனைப் போல. கேட்பதையும் தமிழில் கேட்பதில்லை. 'லிங்க் இருக்கிறதா' என்கிறான். அயற்சொல்லுக்குள் ஒளிந்துகொண்டவனுக்குத் தன் நாணம் தனக்கே தெரிவதில்லை.

இதனினும் வெட்கக்கேடு ஒன்றுண்டு. இக்களவுக் கடைகளுள் பெரும்பெயர் பெற்றது தமிழைத் தன் பெயரிலேயே சூடிக்கொண்டது. 'தமிழ்ராக்கர்சு' என்னும் அத்தளம் 2010-களில் தமிழ்ப்படங்களோடு மலையாளம், தெலுங்கு, இந்திப் படங்களையும் அள்ளிக் கொட்டியது. ஒரு முகவரியை அரசு அடைத்தால் அதன் வால்பகுதியை மாற்றிக்கொண்டு மறுநாளே வேறொரு முகவரியில் கடை விரித்தது. 2018 மார்ச்சுத் திங்களில் கேரளக் காவல்துறை சிலரைத் தளைப்படுத்தியது, கடை மூடவில்லை. பின்னாளில் அப்பெயர் மங்கிற்று. அவ்விடத்திற்கு வந்த புதுக்கடைகளுள் பலவும் தமிழ் என்னும் முன்னொட்டை மட்டும் விட்டுவிடவில்லை. 2006-இல், தமிழில் பெயர் சூட்டும் படங்களுக்குக் கேளிக்கை வரி இல்லையென்று தமிழ்நாட்டரசு அறிவித்தபோது படமுதலாளிகள் திடீரெனத் தமிழ்ப்பற்றாளர் ஆயினர். வரிக்காக வந்த பற்று அது. களவுக் கடைக்காரனுக்கு வரியும் இல்லை, விலக்கும் இல்லை. கூட்டம் சேர்க்கும் விளம்பரப் பலகையாகவே அவன் தமிழை மாட்டிவைத்தான்.

அதே இணையத்தில், 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், மதுரைத் திட்டம் என்றொரு பணி தொடங்கிற்று. பல நாடுகளில் சிதறி வாழ்ந்த தமிழர்கள் தத்தம் ஓய்வு நேரத்தில் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட்டு, பிழை திருத்தி, எவரும் ஒரு காசின்றிப் படிக்குமாறு இணையத்தில் ஏற்றினர். அவர்கள் பகிர்ந்தது தம் உழைப்பை. களவுத்தளத்தார் பகிர்வது பிறர் உழைப்பை. இலவயம் என்னும் ஒரே சொல்லால் இவ்விரண்டையும் சுட்டுவதில்தான் இன்றைய மயக்கம் முழுவதும் தங்கியுள்ளது.

பகிர்வு என்னும் சொல் இவ்விடத்திற்கு எவ்வாறு வந்தது என்பதையும் பார்த்தல் நன்று. 2001-இல் பிராம் கோகன் என்னும் அமெரிக்கர் 'பிட்டொரண்டு' என்னும் முறையை வகுத்தார். பெரிய கோப்பு ஒன்று பல சிறு துண்டுகளாகப் பகுக்கப்படும். பெறுகின்ற ஒவ்வொருவரும் தாம் பெற்ற துண்டைப் பிறர்க்குக் கொடுத்துக்கொண்டே எஞ்சிய துண்டுகளைப் பெறுவர். நடுவில் பெரிய களஞ்சியம் வேண்டுவதில்லை. கூட்டம் பெருகப் பெருக விரைவும் மிகும். இம்முறையில் குற்றமில்லை. விலையில்லா மென்பொருள்களை உலகுக்கு அளிப்போர் இன்றும் இதைக் கையாள்கின்றனர். ஆனால் இம்முறையில் இறக்குகின்றவனே ஏற்றுகின்றவனும் ஆகின்றான். 'பார்க்கத்தானே செய்தேன், விற்கவில்லையே' என்பவன், பார்க்கும் முன்னரே முன்பின் அறியாத பலர்க்கு அப்படத்தைத் துண்டு துண்டாக வழங்கி முடித்திருக்கின்றான். தளத்தை நடத்துவோனோ வள்ளல் அல்லன். படத்தைத் தொட்ட இடமெல்லாம் சூதாட்ட விளம்பரமும் ஆபாச விளம்பரமும் முகத்தில் அறைகின்றனவே, அவ்வொவ்வொன்றுக்கும் அவனுக்குக் காசு. பார்ப்பவன் பணம் கொடுக்கவில்லை; தன் கண்ணையும் தன் பிள்ளைகளின் கண்ணையும் கொடுக்கின்றான்.

வெளிநாட்டில் இவ்வழக்கம் ஒரு கொள்கையாகவே எழுந்து நின்றதுண்டு. சுவீடன் நாட்டில் 2003-இல் 'பைரேட்டு பே' என்னும் தளம் தோன்றியது. கொள்ளையர் விரிகுடா என்பது அப்பெயரின் பொருள். 2006 சனவரி முதல்நாள் அங்குக் கொள்ளையர் கட்சி என்றே ஓர் அரசியற் கட்சி தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு மே 31-இல் காவல்துறை அத்தளத்தின் பொறிகளைக் கைப்பற்றியது. 2009 ஏப்பிரல் 17-இல் தளத்தோடு தொடர்புடைய நால்வர்க்கு ஓராண்டுச் சிறையும் 3 கோடிக் குரோனர் இழப்பீடும் விதிக்கப்பெற்றன. அடுத்த சூன் திங்களில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அக்கட்சி அந்நாட்டில் 7 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குப் பெற்று உறுப்பினரையும் அனுப்பியது. 2010-இல் மேல்முறையீட்டு மன்றம் மூவரின் சிறைக்காலத்தைக் குறைத்து, இழப்பீட்டை 4 கோடியே 60 இலட்சமாக உயர்த்தியது.

அவர்கள் சொன்னவற்றை முற்றும் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் முகத்தைக் காட்டிச் சொன்னார்கள், அறமன்றத்தில் நின்றார்கள், மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். தமிழ்நாட்டில் இதற்கென ஒரு கருத்துப்போர் நடந்ததா? இல்லை. இங்குள்ளவன் எந்தக் கொள்கையும் பேசுவதில்லை, எடுத்துக்கொண்டு போகின்றான். சுவீடனின் கதை அத்தோடும் முடியவில்லை. 2008-இல் அந்நாட்டுத் தலைநகரிலிருந்தே 'இசுபாட்டிஃபை' என்னும் இசைத்தளம், சட்டப்படியும் குறைந்த கட்டணத்திலும் பாட்டுக் கேட்க வழி திறந்தது. பாட்டு எளிதாகக் கிடைத்தது. கொள்ளைக்குச் சொல்லப்பட்ட பெருங்கொள்கைகளுக்கு ஆதரவு தேய்ந்தது. 2014 தேர்தலில் கொள்ளையர் கட்சி அந்நாட்டில் தன் ஐரோப்பிய இடங்களை இழந்தது. கொள்கை என்று பேசியவருள்ளும் எத்தனை பேர்க்கு அது கொள்கையாக இருந்தது, எத்தனை பேர்க்கு வெறும் வாய்ப்பாக இருந்தது என்பதை இதிலிருந்து ஓரளவு உணரலாம்.

அவர்கள் வைத்த வழக்கில் ஒன்று மட்டும் விடை வேண்டி நிற்கின்றது. மாட்டைத் திருடினால் கொட்டில் வெறுமையாகும். படத்தைப் படியெடுத்தால் படம் இருந்த இடத்திலேயே இருக்கின்றதே, இதில் எவர் எதை இழந்தார் என்பது அது. இக்கேள்வி தமிழ்நாட்டில் இன்னும் இனிப்பாக ஒலிக்கும். கலை எல்லார்க்கும் பொது, காசு வாங்கிக் காட்டுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம், நம் ஊர்க் கூத்தைச் சீட்டு வாங்கியா பார்த்தோம் என்று கேட்போர் உளர்.

சீட்டு வாங்கிப் பார்க்கவில்லை என்பது உண்மையே. ஆனால் கூத்து இலவயமாக நடக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கு வைத்து, முன்பணம் கொடுத்து, இத்தனை இரவுக்கு இவ்வளவு என்று பேசி முடித்த பின்னரே கூத்துக்குழு ஊருக்குள் வந்தது. அத்தொகை வீட்டு வரியாகவும் நெல்லாகவும் ஊரெங்கும் தண்டப்பெற்றது. இயலாதவனும் பார்த்தான், வழிப்போக்கனும் பார்த்தான், அவர்களுக்காகவும் சேர்த்து ஊர் கொடுத்தது. விடியலில் ஆடியவன் அரிதாரம் கலைத்துக் கூலியோடு போனான். நூலுக்கும் அவ்வாறே. 1887-இல் உ.வே. சாமிநாதர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது, நூல் வருமுன்னரே கையொப்பமிட்டுப் பொருளுதவியோர் துணைநின்றனர். பாவேந்தர் நூல்களை இன்று எவரும் அச்சிடலாம். ஆனால் அரசு அவற்றை நாட்டுடைமை ஆக்கியபோது உரியவர்க்குத் தொகை கொடுத்தது. தமிழர் மரபில் பொது என்றால் எவரும் கொடுக்காதது என்று பொருளில்லை. எல்லாரும் சேர்ந்து கொடுத்தது என்றே பொருள். கொட்டில் வெறுமையாகவில்லை என்பவர், மாடு மேய்த்தவனின் கூலிப் பையைத் திறந்து பார்க்கட்டும்.

எவர் கூலி என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். பல கோடி வாங்கும் நடிகர் அத்தொகையின் பெரும்பகுதியைப் படம் வெளிவருமுன்னரே எண்ணி வாங்கிவிடுகின்றார். அவர் படத்திற்கு முதல் மூன்று நாளில் கூட்டம் முண்டியடிக்கின்றது. தொலைக்காட்சி உரிமையும் இணைய உரிமையும் முன்கூட்டியே விற்றுப்போகின்றன. களவுப்படி அவரைக் கீறும், வீழ்த்தாது. வீழ்பவன் வேறொருவன். பெயர்பெற்ற நடிகர் எவருமின்றி, கடன்பட்டு, நல்ல கதையொன்றைப் படமாக்கியவனுக்கு முதல் வாரம் கூட்டம் வருவதில்லை. பார்த்த சிலர் நன்று என்று சொல்ல, அச்சொல் பரவி, இரண்டாம் வாரத்தில்தான் அப்படம் மூச்சுவிடத் தொடங்கும். அந்த இடைவெளியில் களவுப்படி வந்துவிடுகின்றது. நன்று என்று கேள்விப்பட்டவன் அரங்கைத் தேடாமல் கைப்பேசியைத் தேடுகின்றான். பார்த்துவிட்டு, இத்தகைய படங்கள் தமிழில் ஏன் அடிக்கடி வருவதில்லை என்று வருந்தி எழுதவும் செய்கின்றான்! அடுத்த படத்திற்குப் பணம் போட முதலாளி வருவதில்லை. ஒளியமைப்போர், தச்சர், தையற்காரர், சமையற்காரர், ஒப்பனையாளர் என்று அப்படத்தின் பின்னே நின்ற நூறு குடும்பங்களுக்கு அடுத்த வேலை இல்லை.

தனித்தமிழ்ப் பற்றாளரிடையே வேறொரு கருத்து நிலவுவதுண்டு. திரைப்படமே தமிழைக் கெடுத்த கருவி. கலப்பு மொழியையும் அரைகுறை ஆங்கிலத்தையும் வீடுதோறும் புகுத்தியது அது. அதை எவன் திருடினால் என்ன என்பர். அவர்தம் சினத்தில் ஞாயமுண்டு. ஆனால் தீயவன் வீட்டில் திருடினாலும் திருட்டுத் திருட்டே என்பது ஒருபுறம் இருக்க, கள்ளன் கை அவ்வீட்டோடு நிற்பதில்லை என்பதை அவர் எண்ணவில்லை. படத்தை இறக்கிப் பழகிய அதே கை இன்று நூலையும் இறக்குகின்றது. வாட்சப்பு, டெலிகிராம் குழுக்களில் தமிழ் நூல்களின் மின்படிகள் நாள்தோறும் சுற்றுகின்றன. அட்டை முதல் அட்டை வரை ஒளிவருடி, 'அறிவுப் பகிர்வு' என்று தலைப்பிட்டு, நன்றிக் குறிகளை அள்ளிக்கொள்கின்றனர். சுற்றுபவற்றுள் பழைய நூல் மட்டும் இல்லை. சென்ற ஆண்டு 500 படி அச்சாகி, அதில் பாதி இன்னும் பதிப்பாளர் வீட்டுத் திண்ணையில் கட்டுப் பிரியாமல் கிடக்கும் நூலும் உண்டு. தமிழ்ச் சொல்லாய்வு நூலை எந்தத் தொலைக்காட்சி விலைக்கு வாங்கும்? அதற்கு இரண்டாம் வருவாய் என்பதே கிடையாது. பாவாணர் வறுமையோடு போராடிச் சொல்லாய்ந்த வரலாற்றைக் கண்ணீரோடு மேடையில் பேசுகின்றவர், அம்மரபில் இன்று எழுதும் ஒருவரின் நூலை 300 உருபா கொடுத்து வாங்காமல் குழுவில் கேட்டுப் பெறுகின்றார். திரைப்படக் களவால் கோடிகள் போகும். நூற்களவால் போவது சில ஆயிரம். ஆனால் அச்சில ஆயிரம் போனால் அடுத்த நூல் வாராது.

திரைத்துறையார் கைகளும் தூயவை அல்ல. களவு களவு என்று கூவும் அவர்களே கதையை எங்கிருந்து எடுத்தனர் என்று கேட்டால் வாய் திறப்பதில்லை. 2018-இல் பெரும்படம் ஒன்று வெளிவருமுன் கதையுரிமைப் பூசல் சென்னை உயர் அறமன்றம்வரை சென்று, முறையிட்ட எழுத்தாளர்க்குப் படத்தின் தொடக்கத்தில் நன்றி சொல்லும் உடன்பாட்டில் முடிந்தது. மன்றம் செல்ல வலிமையற்ற எழுத்தாளரின் கதைக்கு நன்றியும் இல்லை. திரையரங்கில் ஒரு குடும்பம் படம் பார்ப்பதென்றால் சீட்டு, வண்டி நிறுத்தம், சோளப்பொரி என்று ஒருநாட் கூலி மும்மடங்காய்க் கரைகின்றது. வீட்டிலிருந்து தண்ணீர்ப் புட்டி கொண்டுசென்றாலும் வாயிலில் பிடுங்கி வைக்கின்ற அரங்குகள் உண்டு. அயல்நாட்டுச் சிற்றூரில் வாழும் தமிழர்க்கு அருகில் அரங்கே இல்லை. இவையெல்லாம் உண்மை. விலை மிகுதி என்பது வாங்காமல் இருப்பதற்குப் போதுமான கரணியம். எடுத்துக்கொள்வதற்கு அது கரணியம் ஆகாது; படம் சோறன்று, பாராவிட்டால் எவரும் சாவதில்லை.

சட்டங்களுக்கோ குறைவில்லை. 1982-ஆம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004-இல் படத்திருடரையும் சேர்த்தது தமிழ்நாட்டரசு. கள்ளச்சாராயம் காய்ச்சுவோர் நின்ற வரிசையில் தட்டு விற்றவனும் வந்து நின்றான். 2012-இல், அரைகுறை ஆங்கிலப் பாட்டொன்றால் உலகெங்கும் பேர்பெற்ற 'மூன்று' என்னும் படத்திற்காகச் சென்னை உயர் அறமன்றத்தில் தடையாணை பெற்றனர். அதைக் காட்டி இணைய நிறுவனங்கள் முழுத் தளங்களையே அடைத்தன. மக்கள் தாமே எடுத்த படங்களை ஏற்றிவைத்திருந்த 'விமியோ' போன்ற தளங்களும் இருண்டன. கள்ளனைப் பிடிக்கப் போய்த் தெருவையே பூட்டிய கதை! குறித்த முகவரியை மட்டுமே அடைக்க வேண்டும் என்று மன்றம் பின்னர்த் தெளிவுபடுத்த நேர்ந்தது. 2018 நவம்பரில் '2.0' படத்திற்காக 12,000-க்கும் மேற்பட்ட தளங்களை முடக்க 37 இணைய நிறுவனங்களுக்கு ஆணை பிறந்தது. 29-ஆம் நாள் படம் வெளிவந்தது. அன்றே களவுப்படியும் வந்தது. 2023-இல் நாடாளுமன்றம் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி, மூன்று திங்கள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 3 இலட்சம் உருபா முதல் படச்செலவில் 5 விழுக்காடு வரை தண்டமும் விதித்தது. அவ்வாண்டே களவுத்தளங்களை முடக்க ஆணையிடும் அதிகாரத்தோடு 12 அலுவலர்களை நடுவணரசு அமர்த்திற்று. எந்த அரங்கில் எந்தக் காட்சியில் படம் களவாடப்பெற்றது என்பதைப் படத்துள் மறைந்திருக்கும் குறியீட்டைக் கொண்டு கண்டுபிடிக்கவும் வழியுண்டு. இத்தனைக்குப் பின்னும் கடை நடக்கின்றதே என்றால், வாங்குவோர் கூட்டம் கலையவில்லை. பத்துப்பேர் திருடினால் காவலர் பிடிப்பர். ஊரே திருட்டுப் பொருளுக்குக் கைநீட்டி நிற்கையில் எந்தக் காவலர் எவரைப் பிடிப்பது?

கைநீட்டும் அவ்வூரைச் சட்டத்தால் மட்டும் திருத்த இயலாது. நேர்வழியும் ஒன்று திறந்திருக்க வேண்டும். இந்நாட்டுச் சட்டப்படி ஒரு படத்திற்குரிய உரிமை, அது வெளிவந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு நிற்கும். 1959-இல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு அக்காலம் 2019-உடன் முடிந்தது. 1964-இல் வந்த கர்ணனுக்கும் காதலிக்க நேரமில்லைக்கும் 2024-உடன் முடிந்தது. கதைக்கும் பாட்டுக்கும் உள்ள உரிமை தனி. எழுதியவர் மறைந்து 60 ஆண்டுவரை அவை நிற்கும். அவற்றிற்குரியதை உரியவர்க்குக் கொடுத்து, காலம் கடந்த தமிழ்ப்படங்களின் நல்ல படிகளைத் திரட்டி, மதுரைத் திட்டத்தார் நூல்களை வைத்ததுபோல் எவரும் விலையின்றிப் பார்க்குமாறு தமிழ்நாட்டரசே வைக்கலாம். நூலை நாட்டுடைமை ஆக்கத் தெரிந்த அரசுக்கு இது அரிதன்று. படமுதலாளிகளும் பெட்டிகளில் பூட்டி வைத்த பழஞ்சுருள்களை அரசிடம் கொடுக்கலாம். பூட்டி வைத்து அவர்கள் காத்ததைவிட அழியவிட்டதே மிகுதி. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாசுக்கு இன்று ஒரு படியும் இல்லை.